டிரைவிங் அக்காவின் தம்பி

சீட்டைப் பின்னால் தள்ள அவனுக்கு மனம் வரவில்லை. அக்கா அவனைவிட ஒரு சாண் குள்ளம். அவள் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்திருந்த சீட்டில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தான். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தன. கீழே இருக்கும் கம்பியைக் கொஞ்சம் தூக்கினால் சீட் நகர்ந்துவிடும். பஸ் டெப்போவில் தலைமை மெக்கானிக்காக இருப்பவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தூக்கவில்லை.

காவல் நிலையத்தின் பின்முற்றத்தில் இரண்டு நாளாக நின்றதில் வெள்ளைக் காரின் மேல் புழுதி படிந்திருந்தது. சாவியைக் கொடுத்த காவலர் ஜன்னல் பக்கம் குனிந்தார். அவரும் ஒரு காலத்தில் அக்காவிடம் வண்டி பழகியவர்தான்.

"மாரடைப்புன்னே எழுதிட்டாங்கல்ல தம்பி. நல்லதாப் போச்சு" என்றார்.

"எழுதிட்டாங்கன்னா? மாரடைப்புதானே சார்."

காவலர் கண்ணாடியில் இருந்த புழுதியை விரலால் துடைத்தார். "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. வெளியில வேற மாதிரி பேசிக்கிறாங்க. அணைப் பாலம் வேற. அவங்களே மேடையில சொன்னவங்கதானே, அந்த ஆஸ்பத்திரியில இருந்தேன்னு. ஜனங்க ஒண்ணையும் ஒண்ணையும் சேத்துப் பாக்கறாங்க."

அவன் வண்டியை எடுத்தான். கோபத்தில் முதல் கியருக்குப் பதில் மூன்றாவது விழுந்து, வண்டி குலுங்கி நின்றது. அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் ஊருக்கே கேட்கும்படி சிரித்திருப்பாள்.

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து அக்கா தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். அணைப் பாலத்தில் ஏறியதும் நெஞ்சு வலித்திருக்க வேண்டும். பின்னால் வந்த லாரிக்காரர் பார்த்தபோது வண்டி ஓரமாக, கோடு போட்டதுபோல் நேராக நின்றது. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே, நாலு விளக்கும் மின்னிக்கொண்டிருந்தன. தலை மட்டும் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. பரிசோதித்த டாக்டர், இரத்தக்குழாய் அடைப்பு, சில நிமிடங்களில் முடிந்திருக்கும் என்று சொன்னார். அந்தச் சில நிமிடங்களில் அவள் செய்த வேலை வண்டியைப் பத்திரமாக நிறுத்தியதுதான். அதை நினைத்தபோதெல்லாம் அவனுக்கு அழுகைக்கு முன்னால் வேறொன்று வந்தது. நெஞ்சை நிமிர்த்த வைக்கும் ஒன்று.

மேலே குவாரி ஊரில் தொடங்கி, நடுவில் ஆலை ஊர், கீழே அணை ஊர் வரை, அந்த மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிப் படித்தவர்கள். அவர்களுக்கு அவள் டிரைவிங் அக்கா. அந்த உறவில் அவன் எல்லோருக்கும் தம்பி. ஐம்பதைத் தாண்டி மீசை நரைத்துவிட்டது. டெப்போவில் ஒரு கூட்டத்தையே வேலை வாங்குகிறான். ஆனாலும் அவனைவிடப் பத்து வயது இளைய கண்டக்டர்கூட "என்ன தம்பி" என்றுதான் கேட்பார். அவனும் அதைத் திருத்தியதில்லை.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. அவன் உள்ளே நுழைவதற்கு முன்பே மனைவி படியிறங்கி வந்து கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். மருந்துக்கடைக்காரர் போன் செய்தாராம். மருந்துக்கடைக்காரர் அக்காவின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர். ஆலையில் மூட்டை தூக்கும் ஓர் ஆள், ஆறு மாதமாக ஒழுங்காக மனசுக்கான மாத்திரை சாப்பிட்டு, தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், காலையில் கடைக்கு வந்து மாத்திரைப் பட்டையைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"என்ன சொன்னானாம்?"

"டிரைவிங் அக்காவுக்கே வேலை செய்யல, எனக்கு என்ன செய்யப்போகுதுன்னானாம்." மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் ஒருத்தன் மட்டும் இல்லையாம். இன்னும் யார் யார் வீட்டுல என்ன நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களோன்னு அவருக்குப் பயம். அடக்கத்துக்கு முன்னாடி மண்டபத்துல நீங்க எழுந்து சொல்லியே ஆகணும்ங்கறாரு. அண்ணி எதுல போனாங்கன்னு தெளிவா சொல்லணுமாம்."

சொல்ல வேண்டும் என்று அவனும் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தான். தன்னைக் குறித்து வரும் பேச்சென்றால் துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம். இது அப்படியல்ல. இருபது வருடமாக அவள் கல் மேல் கல்லாக வைத்துக் கட்டியது ஒரு பொய்யில் சரியப் பார்க்கிறது.

கூடத்தில் பெரிய மாமா நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. மரக்கடை வைத்து நடத்தி ஓய்ந்தவர். எழுபதைத் தாண்டியும் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வாயிலிருந்துதான் முதல் வார்த்தை வரும். ஊர்ப்பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது.

"வா மாப்ள, உக்காரு. மண்டபத்துல நீ ரொம்ப பேச வேணாம். ரெண்டே வார்த்தை. நெஞ்சு வலியில போனா, டாக்டரே சொல்லிட்டாரு. எங்க குடும்பத்துல அந்த மாதிரி கேவலம் எந்தக் காலத்துலயும் நடந்ததில்ல, இனிமேலும் நடக்காது. அவ்வளவுதான். அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் இன்னைக்கு எதுக்கு? செவ்வாய்க்கிழமைக்காரங்க யாராவது பேசணும்னு வந்தா, அன்பா வேணாம்னு சொல்லிடு."

சரி மாமா என்று தலையாட்டினான். உண்மையில் அந்த வார்த்தைகள் அவனுக்கும் இனித்தன. காவலர் முகத்துக்கு நேராக அவற்றை விட்டெறிய வேண்டும்போல் இருந்தது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். அங்கே மேடை முழுக்க ரொட்டி. ரொட்டிக்கடைக்காரம்மா விடியற்காலையிலேயே இரண்டு கூடை நிறையக் கொண்டுவந்து, வந்தவர்களுக்கெல்லாம் வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைதான். அவள் கையில் கத்தி பாதி ரொட்டியில் நின்றிருந்தது.

அவன் டம்ளரை எடுத்தான். அவள் மறுபடி வெட்டத் தொடங்கினாள்.

"சொல்லுங்க தம்பி" என்றாள், தலை நிமிராமல். "உண்மைதானே, சொல்லத்தான் வேணும். சொல்றப்போ என் முகத்தப் பாக்காம சொல்லிடுங்க. அது போதும்."

அவன் தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தான்.

ஏதாவது வேலை செய்யாமல் அவனால் யோசிக்க முடியாது. ஒரு வாளித் தண்ணீரையும் பழைய துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அக்காவின் காரைக் கழுவ ஆரம்பித்தான். வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். துக்கத்தில் ஆளுக்கு ஒரு பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். அந்தச் சொல்லை அக்கா இருக்கும்போது யாரும் சட்டென்று சொல்லிவிட முடியாது.

அவளுக்கு முப்பது வயதிருக்கும்போது அது வந்தது. முதலில் தூக்கம் போனது. அப்புறம் பசி. பிறகு ஒருநாள் படுக்கையை விட்டு எழவில்லை. குளிக்கவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். அழுதால்கூடப் பரவாயில்லை என்று அம்மா அழுதாள். அன்றைக்கு அவளைக் குழந்தைபோல் இரண்டு கையிலும் தூக்கிக் காரில் போட்டவர் இதே பெரிய மாமாதான். ஒரு மழைக்காலம் முழுக்க அவள் நகரத்தில் மனநல மருத்துவமனையில் இருந்தாள். 'டிரெயினிங் போயிருக்கா' என்று ஊருக்குக் கதை கட்டியவரும் அவரே. என்ன டிரெயினிங் என்று கேட்டவர்களுக்கு நாளொரு பதில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழங்களோடு பார்க்கப் போவார். ஸ்கூட்டரை மட்டும் வேறு தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போவார்.

திரும்பி வந்த அக்கா வண்டி ஓட்டக் கற்றாள். பிறகு கற்றுத்தரத் தொடங்கினாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போடுவதற்குத் தனக்கு ஓர் ஊரே இருக்கிறது, ஒருவன் போதாது என்று சொல்லிச் சிரித்துவிடுவாள். காருக்குள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, ரோட்டைப் பார்த்தால் போதும். அதனாலேயோ என்னவோ, மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழகும்போது திடீரென்று மனிதர்கள் பேசிவிடுவார்கள். தூக்கம் வருவதில்லை என்பார்கள். பிள்ளை பெற்றதிலிருந்து எதுவும் பிடிக்கவில்லை என்பார்கள். அக்கா வண்டியை ஓரங்கட்டச் சொல்வாள். முழுக்கக் கேட்பாள். அப்புறம், "எனக்கும் வந்தது. பேரு இருக்கு அதுக்கு. மருந்தும் இருக்கு" என்பாள்.

சாலைப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்றில் பிரேக் பற்றிப் பேச டெப்போவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பிரேக் பற்றிப் பேசிவிட்டு, தூங்காத டிரைவர்களைப் பற்றிப் பேசினாள். அங்கிருந்து நேராகத் தன் கதைக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு டிரைவர், அப்புறம் எப்படி இவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று கேட்டார். "குடுத்தாங்க சார். உங்கள விட நல்லாவே ஓட்டுவேன், வெளியில வண்டி நிக்குது, போலாமா?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவனும் சுவரோரமாக நின்று சிரித்தான். மறுநாள் அந்த டிரைவரே அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். வண்டி ஓட்டிக் காட்டுவதற்காக வந்தவராகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது. தீயணைப்பு நிலையத்து மாடியில் ஓர் அறை, கொஞ்சம் நாற்காலிகள், ஒரு பிளாஸ்க் டீ. முடிவெட்டுகிறவர், மருந்துக்கடைக்காரர், கண்டக்டர்கள், பள்ளிக்கூட ஆசிரியை என்று ஒவ்வொரு ஊரிலும் சிலரைப் பிடித்தாள். எப்படிக் காது கொடுப்பது, எப்போது டாக்டரிடம் கூட்டிப் போவது, எதை வாய்தவறியும் சொல்லக்கூடாது என்று நகரத்து டாக்டரை வரவழைத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தாள். மாதம் ஒருமுறை நகரத்துக்கு பஸ் ஏறிப் போய் மருந்து வாங்க யாருக்கு முடியும் என்று அதிகாரிகளின் அறைவாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து, கீழே அணை ஊர் ஆஸ்பத்திரிக்கே வாரா வாரம் மனநல டாக்டர் வரும்படி செய்தாள். ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தகடு இருக்கிறது: 'மனசுக்கும் மெக்கானிக் உண்டு. கூப்பிடுங்க.' கீழே நம்பர். வாசகம் அவளுடையது. ஸ்க்ரூ முடுக்கியது எல்லாம் அவன். இந்த மலைச்சாலையில் ஓடும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் அவன் கண் முதலில் அந்தத் தகட்டுக்குத்தான் போகும். கோணலாக இருந்தால் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டி நேராக்குவான்.

ரொட்டிக்கடைக்காரம்மாவின் ஒரே மகன் சில வருடங்களுக்கு முன்னால் இறந்தான். படித்துக்கொண்டிருந்த பையன். யாருக்கும் தெரியாமல் எதையோ சுமந்துகொண்டிருந்திருக்கிறான். அக்காவின் காதுக்கும் அது வந்து சேரவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் விபத்து என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் நின்றே போனார்கள். அந்தம்மா மண்டபத்தில் மகனின் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். அக்கா போய் அவள் பக்கத்தில் நின்றாள். கடைசி ஆள் போகும்வரை நகரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவனிடம் சொன்னாள்: "தற்கொலையில இறந்துட்டான்னு சொல்லு. நோயில இறந்துட்டான்னு சொல்ற மாதிரி சொல்லு. அந்த வார்த்தைய ஒளிச்சுவெச்சா அந்தப் பையனையே ஒளிச்சுவெக்கற மாதிரி." அன்று அவள் வண்டியை ஓட்டவில்லை. சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கார் கழுவி முடிந்தது. சட்டை நனைந்திருந்தது. மனைவி மாற்றுச் சட்டையோடு வந்தாள்.

"என்ன பேசப்போறீங்க?"

"தெரியல. மாமா சொன்னத அப்படியே சொல்ல முடியாது. அது மட்டும் தெரியுது."

"மாமா கோச்சுக்குவாரு."

"கோச்சுக்கட்டும்."

மண்டபத்தை நெருங்கும்போதே சாலை அடைத்துக்கொண்டிருந்தது. அடைத்துக்கொண்டிருந்தது என்பதுகூடச் சரியில்லை. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், சக்கரம் ஓரக்கல்லைத் தொடாமல், பிசகில்லாமல் நின்றிருந்தன. லாரி, வேன், பால் வண்டி, பள்ளிக்கூட வண்டி. நடுவில் ஆம்புலன்ஸ் ஒன்று போய் வரத் தாராளமாக வழி விட்டிருந்தார்கள். மனைவி அந்த நிலையிலும் லேசாகச் சிரித்துவிட்டாள். "அண்ணி பாத்திருந்தா ஒருத்தரக்கூட பெயிலாக்கியிருக்க மாட்டாங்க" என்றாள்.

உள்ளே உட்கார இடமில்லை. சீருடையிலேயே வந்த டிரைவர்கள், ஆலைப் பெண்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், அவனுக்கு முகமே தெரியாத பலர். சிலர் அழுதார்கள். ஆனால் கூட்டத்துக்குள் ஒரு கிசுகிசு எலியைப்போல் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் திரும்பும் பக்கமெல்லாம் பேச்சு நின்றது. ரொட்டிக்கடைக்காரம்மா கடைசி வரிசையில் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மகன் போனதிலிருந்து எந்த விசேஷத்துக்கு வந்தாலும் அவளுக்கு அந்த இடம்தான். சட்டென்று எழுந்து போக வசதி.

பெரிய மாமா அவன் தோளைத் தட்டினார். ரெண்டே வார்த்தை என்று கண்ணாலேயே சொன்னார்.

அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். மைக் வேண்டாம் என்றான். பஸ் இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

"எங்க அக்கா மாரடைப்புல இறந்துட்டா" என்றான். "சனிக்கிழமை மதியம், அணைப் பாலத்துல. வண்டிய ஓரமா நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நாலு விளக்கையும் போட்டுட்டு இறந்தா. டாக்டர் பாத்துச் சொன்னது. வேற மாதிரி பேச்சு ஓடறது என் காதுக்கும் வந்துச்சு. அது பொய்."

முன்வரிசையில் மாமா தலையை அசைத்தார். போதும், வா என்பதுபோல் கையை நகர்த்தினார்.

அவன் வரவில்லை. கடைசி வரிசையைத் தேடினான். ரொட்டிக்கடைக்காரம்மா தலையைக் குனிந்திருந்தாள். அவள் நிமிரும்வரை காத்திருந்தான். மண்டபம் பொறுமையிழந்து நெளிந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"பொய்ங்கறதாலதான் இல்லன்னு சொல்றேன். கேவலம்ங்கறதால இல்ல." மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "எங்க அக்காவுக்கு மனநோய் இருந்துச்சு. உங்க எல்லாருக்கும் தெரியும், அவளே ஒவ்வொரு ஊருலயும் சொன்னா. இருபது வருஷத்துக்கு மேல அதோட வாழ்ந்தா. வேலை பாத்தா. உங்களையெல்லாம் திட்டினா. சனிக்கிழமை காலையிலகூட மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் வண்டிய எடுத்தா. அந்த மருந்து அவளக் கைவிடல. கைவிட்டது இதயம். மாத்திரைய நிறுத்தலாம்னு யாராவது நினைச்சிருந்தா, அவ பேரச் சொல்லி நிறுத்தாதீங்க."

அவன் பெட்டியின் விளிம்பில் கையை வைத்தான்.

"இன்னொண்ணும் சொல்லணும். ஒருவேளை அந்தப் பேச்சு உண்மையா இருந்திருந்தா? அந்த நோய் ஒருநாள் அவள ஜெயிச்சிருந்தா? அப்பவும் இதே இடத்துல, இதே மாதிரி நிமிந்து நின்னு, எங்க அக்கா தற்கொலையில இறந்துட்டான்னு வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். எங்க அக்கான்னு சொல்றப்போ என் குரல் ஒரு துளிகூட இறங்கியிருக்காது. அவ எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்."

வந்து நின்ற இடத்திலேயே நின்றான். கைதட்டும் இடமில்லை அது, யாரும் தட்டவில்லை. பெரிய மாமா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி மரியாதைக்காக மக்கள் வரிசையில் வரத் தொடங்கினார்கள். பெட்டியின் ஒரு பக்கம் குடும்பம் நின்றது. அவன், மனைவி, மாமா. நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. ரொட்டிக்கடைக்காரம்மா கதவுப் பக்கமிருந்து நடந்து வந்தாள். வரிசையில் சேராமல் நேராகக் குடும்பத்தின் பக்கம் வந்து தயங்கினாள். அவன் மனைவி ஒரு அடி நகர்ந்து இடம் விட்டாள். அந்தம்மா மனைவிக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றாள்.

வந்தவர்கள் அவன் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி, அக்காவுடன் காரில் பேசிய அன்றுதான் தனக்கு மறுபடி உயிர் வந்ததாகச் சொன்னாள். ஒரு டிரைவர் தொப்பியைக் கழற்றி, பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். பிறகு இளைஞன் ஒருவன் வந்தான். கண்டக்டர் பை இன்னும் தோளில் தொங்கியது. அவன் ரொட்டிக்கடைக்காரம்மாவின் முன்னால் நின்றான்.

"உங்க பையனும் நானும் ஒரே டீம்ல விளையாடினோம்மா" என்றான். "இவ்வளவு நாளா உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கோல்கீப்பர்" என்றாள்.

"ஆமாம்மா. பந்து அவன் கையத் தாண்டிப் போகாது."

அந்த இளைஞன் நகர்ந்த பிறகு வரிசை கொஞ்சம் தேங்கியது. பெரிய மாமா தொண்டையைச் செருமினார். காலையில் சமையலறைத் திரைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவர் முட்டாள் இல்லை.

"நல்ல உயரமா பையன்?" என்று கேட்டார், முன்னால் பார்த்தபடியே.

"உங்க தோளுக்கு மேல இருப்பான் ஐயா."

"ம்."

அவள் சொல்லத் தொடங்கினாள். கையுறை வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்தது, மாவு மூட்டைகளைக் கடை முழுக்கப் போட்டு அவற்றின் மேல் பாய்ந்து பழகியது, ஒருநாள் ஒரு மூட்டை கிழிந்து கடையே வெள்ளையானது. மெதுவான குரலில், ஆட்களுக்குக் கை கொடுத்துக்கொண்டே சொன்னாள். மாமா முகத்தைத் திருப்பாமல் தலையைச் சற்றே அவள் பக்கம் சாய்த்து எல்லாவற்றையும் கேட்டார். மூட்டை கிழிந்த இடத்தில் அவர் மீசை ஒருமுறை அசைந்தது.

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பினார்கள். வழியில் மாமா அவனுடைய பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குப் போகாமல் அன்று அங்கேயே தங்கிவிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கலாமா என்று ஆசிரியை போனில் கேட்டாள். வேண்டாம் என்றான் அவன். சாயங்காலம் டெப்போவிலிருந்து சீக்கிரமே கிளம்பி, தீயணைப்பு நிலையத்து மாடியைத் திறந்து, பெருக்கி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று மாமாவும் கூட வந்திருந்தார். கதவுக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை.

முதலில் மருந்துக்கடைக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் அகன்ற தோளோடு ஒருவன் வந்து, யாரையும் பார்க்காமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தான். அதுதான் அந்த மூட்டை தூக்குகிறவன் என்று மருந்துக்கடைக்காரர் கண்ணைக் காட்டினார். "பட்டைய வாங்கிக்கிட்டான்" என்று தம்பியின் காதருகே சொன்னார். பிறகு வழக்கமாக வருகிறவர்கள். பிறகு மண்டபத்தில் பார்த்த முகங்கள். பிறகு எங்கும் பார்க்காத முகங்கள். குவாரி ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வட்டம் நிரம்பி, அதைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டு, அதுவும் நிரம்பியது. சுவரோரமாகச் சிலர் நின்றார்கள். அந்தக் காவலரும் சீருடையில்லாமல், மகளோடு நின்றிருந்தார்.

இந்த அறையில் இத்தனை பேரை அவன் பார்த்ததில்லை. நாற்காலிக்கு என்ன செய்வது என்று கேட்க மாமாவைத் தேடினான். கதவருகே அவர் இல்லை. குடை மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது.

ஜன்னல் வழியே கீழே பார்த்தான். எதிர்ச்சாரியில் தையல் வகுப்பு நடக்கும் கட்டடத்திலிருந்து பெரிய மாமா வெளியே வந்தார். வலக்கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இடக்கையில் ஒன்று. உதவிக்கு ஓடி வந்த தீயணைப்பு வீரரைத் தலையாட்டி விலக்கிவிட்டார். சாயங்கால நேரத்துச் சாலை முழுக்க வண்டிகள். அவர் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. நாற்காலிகளைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தபடி நடுச்சாலையில் இறங்கி நடந்தார். இறங்கி வந்துகொண்டிருந்த பஸ் ஒன்று நின்றது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லா வண்டிகளும் நின்றன.